பஸ் போகிறது, காலனியில் நிற்கிறதா?

ஓர் ஊருக்குப் பஸ் வசதி உண்டா என்று போக்குவரத்துக் கழகத்தில் கேட்டால் உடனே பதில் வந்துவிடும். தடம் எண் சொல்வார்கள், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று சொல்வார்கள். அந்தப் பஸ் அந்த ஊரின் காலனிப் பக்கம் வருகிறதா, காலனி முனையில் நின்று ஆள் ஏற்றுகிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் இருக்காது. அப்படி ஒரு கணக்கை யாரும் எடுப்பதில்லை. ஊருக்குப் பஸ் போனால் காலனிக்கும் போனதாகவே எழுதிக்கொள்கிறார்கள்.

காணை ஒன்றியத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி.ஓ. ஆபீசுக்குக் காணைக்கு வர வேண்டும். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், அரசு கலைக் கல்லூரி, சட்டக் கல்லூரி எல்லாம் விழுப்புரத்தில் இருக்கின்றன. பெரிய ஆஸ்பத்திரி முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. கெடார், அன்னியூர், மாம்பழப்பட்டு என்று எந்தப் பக்கத்துக் குடும்பமாக இருந்தாலும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் ஒரு சான்றிதழுக்கும் பயணம் போயே ஆக வேண்டும். சொந்த வண்டி இருப்பவர் போய்விடுவார். நிலமில்லாத கூலிக் குடும்பம் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நூற்றுக்கு 29 பேர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் அது நூற்றுக்கு 20. இந்த மாவட்டத்தில் போக்குவரத்துத் திட்டம் போடுகிறவர்கள் காலனியைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான மக்களை விட்டுவிட்டார்கள் என்றுதான் பொருள்.

சாலை, பஸ், விபத்துப் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஊராட்சிக் கணக்கில் போடுவதை விட்டுவிட்டு, குடியிருப்புக் குடியிருப்பாகக் கணக்கெடுத்துத் திட்டமிட வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது அதைத்தான்.

நடக்கும் உரிமை, ஏறும் உரிமை

நமக்கு வழி என்பது எப்போதுமே கேட்டுப் பெற்றதுதான். பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எல்லோரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தெருவில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அது நிறைவேறி அரசாணை வந்த பிறகும் பல ஊர்களில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நம் தாத்தாக்கள்.

அடுத்து மோட்டார் பஸ் வந்தது. தனியார் முதலாளிகள் ஓட்டிய அந்தப் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டார்கள். அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். உரிமத்தில் கை வைத்ததும் முதலாளிகள் வழிக்கு வந்தார்கள். அறிவுரையால் ஆகாத காரியம் ஓர் அதிகாரியின் கையெழுத்தால் ஆனது. போக்குவரத்தில் தீண்டாமையை ஒழிக்க உரிமம் கொடுக்கும் அதிகாரம் எவ்வளவு உதவும் என்பதற்கு இது பழைய சான்று. இன்றைக்கும் பயன்படுகிற சான்று.

பயணம் மறுக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதை அம்பேத்கரின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1929இல் பம்பாய் அரசு அமைத்த ஒரு குழுவின் உறுப்பினராக அவர் சுற்றுப்பயணம் செய்தபோது சாலிஸ்கான் ஊரில் இறங்கினார். தீண்டத்தகாதவரை உட்கார வைத்து ஓட்டுவது தங்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்று குதிரைவண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, மகர் மக்களில் ஒருவரே ஓட்டினார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் வண்டி நிலைகுலைந்தது, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது. வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய பாரிஸ்டர் அவர். அப்படிப்பட்டவருக்கே வண்டி கிடைக்கவில்லை. நல்ல வண்டி மறுக்கப்பட்டவர் கிடைத்த வண்டியில் ஏறுகிறார், அந்த வண்டி கவிழ்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், லோடு ஆட்டோவைப் பற்றிப் பேசும்போது மறுபடி வருவோம்.

ஒரு பெயரைத் தாங்காத பஸ்

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1975இல் தொடங்கப்பட்ட அரசுக் கழகத்துக்குத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பெயர் எழுதிய பஸ் நினைவிருக்கும். இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் போனது என்று தெரியாது.

1997இல் விருதுநகர்ப் பகுதிக்கென்று புதிய கழகம் ஒன்றை உண்டாக்கி, கட்டபொம்மனின் தளபதியாக இருந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு வைத்தது. அவர் தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்பு கிளம்பியது. தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. முடிவில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் நீக்கியது. பெரும்பாலானவை தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆயின. நம் ஊர் பஸ்ஸிலிருந்த பெரியார் பெயரும் அப்படித்தான் போனது. ஒரு தலித் வீரரின் பெயரைப் பஸ்ஸின் நெற்றியில் பார்க்கச் சகிக்காதவர்களுக்காக மாநிலம் முழுவதும் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். பஸ்ஸுக்கு ஏது சாதி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

500 மீட்டர் கணக்கு

இன்றைக்கு எந்தக் கண்டக்டரும் நம்மைப் பார்த்து, ஏறாதே என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது வாகனத்தில் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுத்தால்கூடக் குற்றம் என்கிறது. சட்டம் தெளிவாக இருக்கிறது. இப்போது பாகுபாடு வாய்வார்த்தையில் வருவது குறைந்துபோய், திட்டக் கணக்கில் வருகிறது.

பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. நாடு முழுவதும் லட்சக்கணக்கான குடியிருப்புகளுக்கு இதனால் சாலை கிடைத்தது என்பதை மறுக்கவில்லை. சமவெளிப் பகுதியில் எது இணைப்பு இல்லாத குடியிருப்பு என்பதற்கு அந்தத் திட்டத்தில் ஓர் அளவு உண்டு. தார்ச்சாலையிலிருந்தோ சாலை உள்ள ஊரிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அதற்குள் இருந்தால் இணைக்கப்பட்ட குடியிருப்பு.

நம் வட மாவட்டங்களில் ஊரும் காலனியும் எப்படி அமைந்திருக்கின்றன? ஊர் மெயின் ரோட்டில் இருக்கும். காலனி ஒரு வயலையோ ஓடையையோ ஏரிக்கரையையோ தாண்டி 300, 400 மீட்டரில் இருக்கும். தள்ளி வைத்ததால் வந்த தூரம் அது. திட்டத்தின் அளவுகோலுக்கு அந்தத் தூரம் தெரியாது. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில் பிரசவ வலிக்காரியைக் கட்டிலில் தூக்கிவரும் பாதையாக இருந்தாலும், காகிதத்தில் அது இணைக்கப்பட்ட குடியிருப்புதான்.

பஸ்ஸுக்கும் இதே கணக்குத்தான். புதிய விரிவான மினி பஸ் திட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது. தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. பஸ் ஓடாத பாதை என்பதை எப்படி முடிவு செய்வது என்பதில்தான் சிக்கல். ஒரு சாலையில் ஏற்கெனவே பஸ் ஓடினால் அது சேவை உள்ள பாதை. அந்தப் பஸ் ஊர் நிறுத்தத்தில் நின்றுவிட்டுக் காலனி முனையில் நிற்காமல் போனாலும் கணக்கு மாறாது. பஸ் போவதை எண்ணுகிறார்கள், நிற்பதை எண்ணுவதில்லை.

மாரி செல்வராஜ் எடுத்த கர்ணன் படம் 2021இல் வந்தபோது, ஒரு பஸ் நிறுத்தத்துக்காக ஒரு ஊரே போராடுமா என்று நகரத்தில் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். நம் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நிறுத்தம் இல்லாததால் படிப்பை விட்ட அக்கா ஒருவராவது இல்லாத தெரு நம்மிடம் குறைவு.

கட்டணம் இல்லை, வண்டியும் இல்லை

2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம், பின்னர் விடியல் பயணம் என்று பெயர் பெற்றது. இதை மனதாரப் பாராட்ட வேண்டும். இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அது சில நாள் கூலி. புருஷனிடம் கையேந்தாமல் விழுப்புரம் போய்வர முடிகிறது என்பது பணத்தில் அடங்காத லாபம்.

ஆனால் இந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். டவுன் பஸ் வராத தடத்தில் புறநகர் பஸ் மட்டும் ஓடினால் அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். புதிய மினி பஸ்களும் தனியார் கட்டணம் வாங்கி ஓட்டும் திட்டமாகவே தொடங்கப்பட்டன. இதன் விளைவைப் பாருங்கள். டவுன் பஸ் அடிக்கடி ஓடும் பெரிய ஊர்ப் பெண்ணுக்கு மாதம் முழுக்க இலவசம். ஒரு நாளைக்கு இரண்டு நடை மட்டும் வரும் கிராமத்தின் கடைசியில் இருக்கும் காலனிப் பெண்ணுக்கு, அந்த இரண்டு நடையைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. திட்டத்தின் நோக்கத்தில் கோளாறு இல்லை. எந்தக் குடியிருப்புக்கு எத்தனை நடை என்ற கணக்கைப் பார்த்து வண்டி விடாததால் வந்த கோளாறு.

மாணவர்களுக்கும் இதேதான். இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிறது. காலையில் வரும் ஒரே பஸ் முந்தின ஊரிலேயே நிரம்பி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது. காலனி முனையில் காத்திருக்கும் பிள்ளைகளைக் கண்டதும் டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் போகிறார். அவர் சாதி பார்த்துத்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். வண்டியில் இடமில்லை, நேரத்துக்குப் போகாவிட்டால் டிப்போவில் அவருக்குக் கேள்வி வரும். அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர். ஆனால் இந்த நெருக்கடியில் தினமும் விடுபடுவது ஒரே நிறுத்தமாக இருக்கிறது என்றால், அதைத் தற்செயல் என்றும் சொல்ல மாட்டேன்.

கலெக்ஷன் இல்லாத தடத்தில் எப்படி வண்டி விடுவது, கழகம் ஏற்கெனவே நஷ்டத்தில் ஓடுகிறதே என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பள்ளிக்கூடமும் ஆரம்ப சுகாதார நிலையமும் லாபத்துக்காக நடப்பவை அல்ல. அங்கே போய்ச்சேர வழி இல்லாவிட்டால் அவற்றுக்குச் செலவழித்த பணமும் வீண். தவிரவும், கட்டணமில்லாப் பயணத்துக்கான தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. நம் பெண்கள் ஏறும்போது வண்டி சும்மா ஓடுவதாக நினைக்க வேண்டியதில்லை.

லோடு ஆட்டோவில் போகும் உயிர்கள்

பஸ் இல்லாத இடத்தில் மக்கள் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவதில்லை. நாற்று நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிப்பரிலும் போகிறார்கள். இருபது, முப்பது பேரை நிற்கவைத்து ஏற்றிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்த மறுநாள் போலீசார் சோதனை போடுவார்கள், அபராதம் விதிப்பார்கள். ஒரு வாரம் போனால் பழையபடி ஆகிவிடும். ஏன்? அந்த நேரத்தில் அந்த இடத்துக்குப் போக வேறு வண்டி இல்லை. சாலிஸ்கானில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. சரியான வண்டி கிடைக்காதவர், கிடைத்த வண்டியில் ஏறுகிறார்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னோர் அடி இருக்கிறது. சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் ஏறிச்சென்றவர் இறந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரக் கடமைப்பட்டதல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பஸ்ஸில் போய் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு வாங்க வழி இருக்கிறது. லோடு ஆட்டோவில் போய் இறந்தால் பெரும்பாலும் வண்டிச் சொந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் கையில் என்ன இருக்கும்? காலையில் பஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, செத்த பிறகும் அந்தக் குடும்பம் நஷ்டப்படுகிறது.

2024இல் வந்த வாழை படத்தில், வாழைத்தார் ஏற்றிய லாரியின் மேலேயே கூலியாட்களை உட்காரவைத்து அனுப்புகிறார்கள். தனி வண்டிக்குக் காசு செலவழிக்க மனம் வராததால் அத்தனை உயிர்களும் போகின்றன. இயக்குநர் தம் சிறுவயதில் கண்டதிலிருந்து எடுத்த படம் அது. அதைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள், நாளைக் காலை ஆறு மணிக்கு நம் சாலையில் போகும் லோடு ஆட்டோவையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நடந்து போகிறவர்களின் கதை வேறு. ஊர் நிறுத்தத்தில் இறங்கி, இருட்டில் சாலையோரமாகவே காலனிக்கு நடக்க வேண்டியிருக்கிறது. தெருவிளக்கு ஊரோடு முடிந்துவிடுகிறது. பின்னால் வந்த வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தால் 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தால் 50,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை நடைமுறையில் இருக்கிறது. முன்பு 25,000, 12,500 என்று இருந்தது. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள விசாரணை அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை விடாமல் வாங்கிவையுங்கள். வண்டி யாருடையது என்று தெரியவில்லையே, இனி என்ன கிடைக்கப்போகிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இது உண்டு. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த பிரிவு சொல்கிறது. கேஸ் வருமே என்று பயந்து யாரும் ஒதுங்கிப் போக வேண்டாம்.

பஸ்ஸுக்குள்ளும் பாதுகாப்பு வேண்டும்

பாதுகாப்பு என்றால் விபத்து மட்டுமல்ல. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பட்டியல் சாதிப் பள்ளி மாணவர் ஒருவரை, வழிமறித்து இறக்கி வெட்டினார்கள். அவருடைய விரல்கள் துண்டாயின. வெட்டியவர்களும் சிறுவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, காலையில் பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பும் ஒவ்வொரு தாயும் என்ன நினைத்திருப்பார்?

நம் பகுதியிலும் பஸ்ஸின் பின் சீட்டு யாருக்கு, ஜன்னலோரம் யாருக்கு, எந்த ஊர்ப் பையன்கள் எந்த இடத்தில் நிற்பது என்று சொல்லாமல் நடக்கும் ஏற்பாடுகள் உண்டு. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தையும் செல்போனில் ஒலிக்கும் பாட்டையும் வைத்துத் தொடங்கும் தகராறு, நிறுத்தத்தில் இறங்கியதும் கைகலப்பாகிறது. பள்ளி, கல்லூரி நேரத்தில் கூடுதலாக ஒரு நடை விட்டாலே நெருக்கடி குறையும். எந்தத் தடத்தில் தகராறு வருகிறது என்பது அந்தத் தடத்தின் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தெரியும். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு வேண்டும்.

யாரைப் போய்க் கேட்பது?

இவ்வளவையும் சொல்லி ஒரு மனு எழுதினால் அதை யாரிடம் கொடுப்பது? காலனிப் பாதை ஊராட்சி ஒன்றியத்தினுடையது. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்தினுடையது. மினி பஸ் உரிமம் போக்குவரத்துத் துறையிடம். தெருவிளக்கு ஊராட்சியிடம், அதற்கு மின்சாரம் மின்வாரியத்திடம். விபத்து வழக்கு காவல் துறையிடம். காலனிக்கான நிதி ஆதிதிராவிடர் நலத் துறையிடம். ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். சுற்றிவர ஒரு நாள் கூலி போகும்.

சென்னைக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்று 2010லேயே பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் போட்டார்கள். மெட்ரோ, மாநகரப் பஸ், மின்சார ரயில் எல்லாவற்றையும் ஓரிடத்தில் உட்கார்ந்து திட்டமிட அது வழிசெய்கிறது. நல்லது. காணைக்கும் கண்டமங்கலத்துக்கும் மரக்காணத்துக்கும் அப்படி ஓர் அமைப்பு வேண்டாமா? மாநிலத்தில் 8 அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருக்கின்றன. நம் விழுப்புரம் கழகம் ஒன்றே வேலூர், திருவண்ணாமலை, கடலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மண்டலங்கள் வரை பார்க்கிறது. கிராமத்தின் சாலையையும் பஸ்ஸையும் விளக்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே கண் மாவட்டத்தில் இல்லை.

முற்றிலும் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2017இல் கொடுத்த வழிகாட்டுதலின்படி மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி அதே ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவும் இருக்கிறது. அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். இரண்டு குழுவுக்கும் தலைவர் ஒருவரே. முதல் குழு விபத்துப் புள்ளிகளைப் பார்க்கிறது, இரண்டாவது குழு வழக்குகளைப் பார்க்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தக் காலனிக்குப் பாதை இல்லை, எங்கே பஸ் நிற்பதில்லை, எங்கே விளக்கு இல்லை என்ற பட்டியலைப் பார்க்கலாமே. அதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.

உலகத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1955 டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தில் ரோசா பார்க்ஸ் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்ததைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதன்பின் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். அத்தனை நாளும் வேலைக்கு எப்படிப் போனார்கள் என்பதைப் பலர் படிப்பதில்லை. நூற்றுக்கணக்கான கார்களைத் திரட்டி, எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்கு என்று அட்டவணை போட்டு ஓட்டினார்கள். ஒடுக்கப்பட்ட மக்களே நடத்திய போக்குவரத்துத் திட்டம் அது. பின்னர் 1964இல் வந்த சிவில் உரிமைச் சட்டம், மத்திய அரசின் பணம் பெறும் திட்டங்களில் இனப் பாகுபாடு கூடாது என்றது. அதன்படி அங்கே பெரிய போக்குவரத்து நிறுவனம் ஒன்று பஸ் சேவையைப் பெரிய அளவில் மாற்றுவதற்கு முன், அதனால் எந்த இன மக்கள் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். நம் ஊரில் ஒரு நடையை நிறுத்தினால் நமக்குத் தெரிவது, காத்திருந்து பஸ் வராத அன்றைக்குத்தான்.

செய்ய வேண்டியவை

ஒன்று, மாநிலம் முழுவதும் குடியிருப்பு வாரியாகக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு காலனியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி உண்மையில் நிற்கிறது, பாதையில் விளக்கு உண்டா என்று எழுத வேண்டும். 500 மீட்டர் அளவைக் காலனிகளுக்குத் தளர்த்த வேண்டும்.

இரண்டு, நிறுத்தங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 117ஆம் பிரிவு, உள்ளாட்சியைக் கலந்து பஸ் நிறுத்தங்களைத் தீர்மானிக்கச் சொல்கிறது. காலனி முனை நிறுத்தங்களை முறையாக அறிவித்துப் பலகையும் நிழற்குடையும் வைக்க வேண்டும். மினி பஸ் உரிமத்தில் அந்த நிறுத்தங்களை நிபந்தனையாக எழுத வேண்டும். நிற்காத வண்டியின் உரிமத்தில் கை வைக்க வேண்டும். சௌந்தரபாண்டியனார் காட்டிய வழி அது.

மூன்று, டவுன் பஸ் இல்லாத தடங்களில் ஓடும் புறநகர் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் விடியல் பயணம் வேண்டும்.

நான்கு, விவசாயக் கூலிகள் போகும் காலை நேரத்துக்கு வண்டி வேண்டும். அதைச் செய்துவிட்டு லோடு ஆட்டோக்களைப் பிடியுங்கள்.

ஐந்து, நிதி. ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்கு ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023இல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் திட்டம் அறிவித்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இணைப்புப் பாதையும் விளக்கும் நிழற்குடையும் அந்தப் பணத்தில் முதல் வரிசையில் வர வேண்டும்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். அந்தச் சொல்லில் இழிவு ஏறிப்போனது உண்மைதான், நீக்கட்டும். சொல் போன கையோடு அந்தக் குடியிருப்பும் கணக்கிலிருந்து மறைந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்து, அந்தப் பெயரை நிறுத்தத்தின் பலகையில் எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, கணக்கெடுப்பை அரசு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரு முனையில் ஒரு வாரம் காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை நான்கிலிருந்து எட்டு வரை, எந்தத் தடம் எண் எத்தனை மணிக்கு வந்தது, நின்றதா, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். நிறுத்தத்திலிருந்து வீடு வரை எத்தனை மீட்டர், எத்தனை விளக்கு எரிகிறது என்று எழுதுங்கள். செல்போன் இருந்தால் படம் எடுத்துச் சேருங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு கிராம சபை இருக்கிறது. அடுத்து எது வருகிறதோ அதில் அந்த நோட்டை வைத்து, நிறுத்தம் கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மான எண்ணையும் நகலையும் வாங்குங்கள். அதோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுங்கள். கிளை மேலாளருக்கு ஒன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு ஒன்று, ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு ஒன்று அனுப்புங்கள். பஸ் நிற்பதில்லை என்று வாயால் சொன்னால் விசாரிக்கிறோம் என்பார்கள். இந்தத் தேதியில் இந்த மணிக்கு இந்தத் தடம் நிற்கவில்லை, 14 பேர் விடுபட்டார்கள் என்று எழுதிக் காட்டினால் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

காணை ஒன்றியத்தில் பத்துக் காலனிகளிலிருந்து பத்து நோட்டுகள் வந்தால் போதும். மாவட்டத்தில் இதுவரை யாரும் எடுக்காத கணக்கு நம் கையில் இருக்கும்.